முதலில் எது: தி வயரா, பிரேக்கிங் பேடா?

பெங்களூரில் சில்க் போர்டு நெரிசலைக் கடந்து இரவு ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பும் நம்மவர்கள் இந்த இரண்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் முதலில் எதைப் பார்ப்பது என்றால், என் பரிந்துரை பிரேக்கிங் பேட். புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் தயாரிக்கத் தொடங்குகிறார். முதல் காட்சியே சட்டையைப் பிடித்து இழுத்துவிடும். முதல் பருவத்தில் ஏழே அத்தியாயங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பார்த்தால் போதும்.

தி வயர் அப்படி இணங்கி வராது. 2002 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியான ஹெச்பிஓவில் ஒளிபரப்பான இத்தொடருக்கு 60 அத்தியாயங்கள். உருவாக்கிய டேவிட் சைமன், கதை நடக்கும் அமெரிக்க நகரமான பால்டிமோரில் குற்றச் செய்தி எழுதிய நிருபர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தில் துப்பறியும் அதிகாரியாக இருந்தவர். அதனால் காவல்துறையின் கோப்புச் சண்டையும் மேலதிகாரியின் எரிச்சலும் துப்பாக்கிச் சத்தத்தைவிட அதிகம் கேட்கின்றன. யார் எவர் என்று தொடக்கத்தில் குழம்பும். குற்றவாளிகளின் தொலைபேசியைக் காவல்துறை ஒட்டுக்கேட்பதற்கு அனுமதி வாங்கவே பல அத்தியாயங்கள் ஆகின்றன! தெருமொழி வேறு, ஆங்கிலத்தில் தேர்ந்தவர்களும் வசன வரிகளை வைத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் இரண்டில் சிறந்தது எது என்றால் என் ஓட்டு தி வயருக்கே. பிரேக்கிங் பேட் நாயகன் ஒருவனின் சரிவைக் காட்டுகிறது. இதுவோ ஒரு நகரமே எப்படிப் பழுதடைகிறது என்பதைக் காட்டுகிறது. நீண்ட வார விடுமுறையில் தொடங்குங்கள். இரண்டாம் பருவம் திடீரெனத் துறைமுகத்துக்கு நகரும்போது தாண்டிப் போய்விடாதீர்கள்.