விலை எகிறிய நகரம்: வீடா, ரீட் யூனிட்டா?

முதலீட்டுக்குக் கடன் வாங்கி வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா, ரீட் யூனிட் வாங்கலாமா? ரீட் (REIT) என்பது பலரின் பணத்தைத் திரட்டி, வாடகை தரும் கட்டடங்களில் போடும் அமைப்பு; அதில் நமக்குள்ள பங்குதான் யூனிட்.

போட வேண்டிய பணம்: வீட்டுக்கு முன்பணம், பத்திரச் செலவு எல்லாம் மொத்தமாக வேண்டும். ரீட்டைச் சிறு தொகையில் தொடங்கலாம்.

வருமானம்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டு விலை 100, ஆண்டு வாடகை 3, கடன் 80, வட்டி 8 சதவீதம் என்று வையுங்கள். வட்டி மட்டுமே 6.4. ஆண்டுக்கு 3.4 கையைக் கடிக்கும். அப்புறம் வரி, பராமரிப்பு, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் வேறு. விலை ஏறினால்தான் லாபம். ரீட்டோ பல நாடுகளில் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பங்கிட்டுத் தந்தாக வேண்டும்.

விற்பனை: வீட்டுக்கு மாதக்கணக்காகும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ரீட்டை உடனே விற்கலாம், ஆனால் விலை தினமும் ஆடும்.

பற்றாக்குறையைச் சம்பளத்தில் 15 ஆண்டு தாங்க முடிந்தால் வீடு சரி. முடியாதவர்களுக்கு ரீட்டையே சொல்வேன்.