தட்டில் −1.15: ஹட்டனில் ஒரு தராசுடன் நான்கு ஆண்டுகள்

எங்கள் உயர்தர ஆய்வுகூடத்துக்கு இந்தச் சிறிய இலத்திரனியல் தராசை உப்பு நிறுக்கத்தான் வாங்கினோம். 0.01 கிராம் வரை காட்டும். நான்கு ஆண்டுகளில் உப்பைவிட அதிகமாகப் பரப்பிழுவையைத்தான், அதாவது நீர்ப்பரப்பைச் சுருங்க இழுக்கும் விசையைத்தான், அது கண்டிருக்கிறது.

வந்த அன்றே 100 கிராம் படிக்கல்லை 99.8 என்று காட்டியது. பழுது என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். தராசு உணர்வது விசையை. வேறெங்கோ திருத்தி அனுப்பியதை, புவியீர்ப்பு சற்றுக் குறைந்த இந்த 1,270 மீற்றர் மலையில் மறுபடி திருத்தியாக வேண்டும். திருத்தியபின் இன்றுவரை அந்த வம்பு இல்லை.

பரப்பிழுவையை அளக்கும் முறை, வில்கெல்மி என்ற ஜெர்மன் அறிஞர் 1863இல் சொன்னதுதான். நீர் முகவையைத் தட்டில் வைத்துப் பூச்சியமாக்கி, தாங்கியில் தொங்கும் நுணுக்குக்காட்டி வழுக்கியின் நீண்ட விளிம்பை மெல்ல இறக்குவோம். தொட்டதும் நீர் சட்டென்று கண்ணாடியைப் பற்றி ஏறும், தட்டின் பாரம் குறைந்து எண் −1.15 கிராமுக்குத் தாவும். 76 மில்லிமீற்றர் நீளம், 1 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் விளிம்பின் சுற்றளவு 154 மில்லிமீற்றர். 1.15ஐப் புவியீர்ப்பு 9.78ஆல் பெருக்கி அந்தச் சுற்றளவால் வகுத்தால் மீற்றருக்கு 73 மில்லிநியூட்டன். எங்கள் 18 பாகை குளிருக்கு நூல்கள் தரும் பெறுமானமும் அதுவே. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விழுந்தால் −0.45.

முதலாண்டில் நீரின் பரப்பிழுவை 60ஐத் தாண்டவே இல்லை. தராசைத் திட்டினேன், குற்றவாளி தேங்காயெண்ணெய்த் தலையைக் கோதிய விரல். இப்போது வழுக்கியைச் சவர்க்காரமிட்டு அலசி, இடுக்கியால் மட்டுமே எடுக்கிறோம். விளிம்பும் நீரில் தெரியும் அதன் நிழலும் இணையாக இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பது அடுத்த வேலை. சாய்ந்தால் ஒரு மூலை முந்திக்கொள்ளும். ஒரு மில்லிமீற்றர் அமிழ்ந்தாலே மிதப்புவிசை 0.08 கிராமைத் தின்றுவிடும். தொட்ட கணத்து எண்ணையே எழுத வேண்டும்.

குறைகள் உண்டு. யன்னல் வழியே பனிக்காற்று வந்தால் கடைசி இலக்கம் ஆடும். மழைக்காலத்தில் மின்கலத் தகடு பச்சை பிடிக்கும். எரிச்சலூட்டுவது, சில நிமிடங்களில் தானாக அணைந்து பூச்சியத்தையும் மறந்துவிடுவது.

போன தவணையில் ஒரு மாணவி, "சேர், சாயத் தேநீரை ஊற்றிப் பார்ப்போமா?" என்றாள். ஆறவைத்து ஊற்றினோம். −1.1இல் தொடங்கிய எண் நிற்கவில்லை. சாற்றிலுள்ள ஏதோ மெல்ல மேலேறிப் பரப்பில் படியப் படிய, நூறில் ஒன்றாகப் பூச்சியத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. வகுப்பே மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் தராசு அணைந்துவிட்டது.