பாதியில் நிற்கும் வீட்டுக்கு நுகர்வோர் ஆணையம் எவ்வளவு உதவும்?

முக்கால்வாசிப் பணத்தை வாங்கிக்கொண்டு பூச்சு வேலையைப் பாதியில் விட்டுப்போன கான்ட்ராக்டர் மேல் நெல்லைப் பக்கத்தில் முதலில் கொடுப்பது போலீஸ் புகார்தான். மனு ரசீது கிடைக்கும். "இது சிவில் விவகாரம்" என்ற பதிலும் வரும். பேசிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். நாலு மாதம் ஆள் விட்டு வேலை பார்த்தவர் மேல் அதைக் காட்டுவது கடினம்.

இதற்குச் சரியான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலவு மிகக் குறைவு, வேகம் சுமார், தீர்ப்புக்குப் பிறகு பணம் கைக்கு வர அலைச்சல் உண்டு. கான்ட்ராக்டருக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனுவைப் பதியலாம். சென்னையிலோ மும்பையிலோ இருந்துகொண்டு வள்ளியூரில் வீடு கட்டுபவர் தான் குடியிருக்கும் ஊர் ஆணையத்திலும் தாக்கல் செய்யலாம். ஆனாலும் கட்டடத்தைப் பார்வையிட ஆள் போக வேண்டிவந்தால் திருநெல்வேலியில் போடுவதுதான் சுளுவு.

இரண்டு இடத்தில் மனு இடறும். தினக்கூலி கொடுத்து, நாமே கூட நின்று வேலை வாங்கியிருந்தால் அது சட்டம் சொல்லும் 'சேவை'க்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதிடும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிய கான்ட்ராக்ட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வாடகைக்கு விடக் கடை கட்டியிருந்தால் வணிக நோக்கம் என்ற ஆட்சேபம் வரும்.

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அளவெடுப்பில்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் உடனே வேறு கொத்தனாரை இறக்கிவிடுகிறார்கள். புதுப் பூச்சு ஏறிவிட்டால் பழையவர் எதுவரை செய்தார் என்பதற்குச் சாட்சி போய்விடும். அவர் "நான்தான் முழுக்க முடித்தேன்" என்று பதில் போட்டால் மறுக்க ஆதாரம் இருக்காது. ஆகவே பதிவு பெற்ற இன்ஜினியரை வைத்து ஒவ்வொரு அறையாக டேப் பிடித்து, முடிந்தது, முடியாதது, இடித்துத் திரும்பச் செய்ய வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து அறிக்கை வாங்குங்கள். டேப் தெரியும்படி போட்டோவும் எடுங்கள். மனு போட்டபின், வக்கீல் கமிஷனரை (நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமிக்கும் வக்கீல்) இன்ஜினியரோடு அனுப்பும்படி ஆணையத்திடமே கேட்கலாம். அந்த அறிக்கைக்கு எடை அதிகம்.

கேட்கும் தொகையிலும் பலர் தவறு செய்கிறார்கள். 8 லட்சத்துக்குப் பேசி, 6 லட்சம் கொடுத்து, 4.2 லட்சத்துக்குத்தான் வேலை நடந்திருக்கிறது என்று வையுங்கள். கூடுதலாகப் போனது 1.8 லட்சம். மிச்ச வேலை பழைய பேச்சுப்படி 3.8 லட்சம். இன்று வேறு ஆள் 4.6 லட்சம் கேட்டால் அந்த 80,000-மும் நஷ்டம்தான். ஆக 2.6 லட்சம். கொடுத்த 6 லட்சத்தையும் திருப்பிக் கேட்டால் கணக்கின் மேலேயே நம்பிக்கை போய்விடும். மன உளைச்சலுக்கான இழப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள்.

முதலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ், ஒப்புகையோடு. "நாளைக்கு ஆளு வந்துரும் அண்ணாச்சி" என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவற்றை ஆதாரமாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63-ம் பிரிவில் சொல்லும் மின்னணு ஆதாரச் சான்றும் இணைக்க வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்குத் துண்டுச்சீட்டில் வாங்கிய கையெழுத்தாவது வேண்டும். மனு போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். "வாறேன் வாறேன்" என்ற பேச்சை நம்பி இதைத் தாண்டவிடுபவர்கள்தான் அதிகம்.

எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஒரு வருடம் தாண்டுவது சாதாரணம். தீர்ப்புக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 71-ம் பிரிவில் சொத்து ஜப்தி, 72-ல் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பெயரில் சொத்தே இல்லாத கான்ட்ராக்டருக்கு 72 தான் உறைக்கும்.

அவசரமாகப் பணம் வேண்டும், கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நல்ல வழி. எதிராளியும் சம்மதித்தால், அது நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. வெளியே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடிப்பதானால் தவணைக்குச் செக் வாங்குங்கள். தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பினால், பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு.