கோவாப் பாத்தியில் நத்தை: சாம்பலா, சாக்கா, குருணையா?

கந்தப்பளை, நுவரெலியாப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ஓடில்லாத நத்தைக்குக் கொண்டாட்டம். நட்டு நாலு நாளான கோவா (முட்டைக்கோஸ்) நாற்று விடியும்போது வெறும் தண்டாக நிற்கும். பக்கத்தில் வெள்ளிக் கோடு மாதிரி வழவழப்பு காய்ந்து மின்னினால் நத்தையின் வேலை. புழு என்றால் இலையில் எச்சம் கிடக்கும். இதைப் பார்க்காமல் புழு மருந்தை அடித்தால் நத்தை சாகாது, நத்தையைத் தின்னும் தரை வண்டுகள்தான் சாகும்.

விறகடுப்பு எரியும் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் சாம்பலுக்குச் செலவில்லை. காய்ந்த சாம்பலையும் சுண்ணாம்பையும் நத்தை கடக்கத் தயங்கும். ஆனால் ஒரு தூறல் போதும், வலு போய்விடும். நத்தை வெளியே வருவதோ ஈரத்தில்தான். உப்பைப் பாத்தியில் போடவே போடாதீர்கள், பயிரும் கருகும்.

எனக்கு நம்பிக்கை ஈரச் சாக்கில். மாலையில் பாத்திகளுக்கு இடையே பழைய சாக்கை நனைத்து விரித்து, அடியில் கோவாவின் கழிவு இலையைப் போடுங்கள். இரவெல்லாம் மேய்ந்த நத்தை வெயிலுக்கு ஒளிய அங்கேதான் வரும். காலையில் தூக்கி, சவர்க்காரத் தண்ணீர் வாளியில் தட்டிவிடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையைத் தாக்கும் எலிப்புழு நத்தையில் இருக்கலாம். ஆண், பெண் என்ற பிரிவு இல்லாமல் ஒவ்வொரு நத்தையும் முட்டையிடும் என்பதால், ஒன்றை எடுத்தாலும் லாபம்தான். மண்கட்டிக்கு அடியில் கண்ணாடி மணி போலக் குவிந்திருக்கும் முட்டைகளையும் நசுக்கிவிடுங்கள். சாக்கில் ஒரு குறை உண்டு. காலையில் மலைக்கு வேலைக்குப் போகும் அவசரத்தில் அதைத் தூக்காமல் விட்டால், நத்தைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போலாகிவிடும்.

நத்தை வந்து விழுந்து மூழ்க, ஈஸ்ட்டும் சீனியும் கலந்த தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்துப் புதைப்பது சின்னத் துண்டு நிலத்துக்குச் சரி. மழை நிரம்பினால் வீண்.

அப்புறம் கடையில் விற்கும் நத்தை மருந்துக் குருணை. மெட்டல்டிஹைட் என்ற நஞ்சு கலந்தது வேகமானது, நத்தை வழவழப்பைக் கக்கி வற்றிச் சாகும். ஆனால் நாய் தின்றால் அதுவும் செத்துவிடலாம். பிரிட்டனில் 2022 முதல் இதைத் திறந்தவெளியில் போடத் தடை. நாயும் கோழியும் பிள்ளைகளும் திரியும் லயத்துக்குப் பக்கத்தில் இதைத் தூவ என் மனம் ஒப்பாது. இரும்பு பொஸ்பேட் குருணை கிடைத்தால் அதை வாங்குங்கள். தின்ற நத்தை மேய்வதை நிறுத்திவிட்டு ஒளிவிடத்துக்குள் போய்ச் சாகும்; செத்த நத்தை கண்ணில் படவில்லையே என்று மேலும் மேலும் கொட்ட வேண்டாம், நாற்று புதிதாகக் கடிபடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எதைச் செய்தாலும் நடுவதற்கு ஒரு வாரம் முன்பே சாக்கை விரித்துவிடுங்கள். நாற்று இளசாக இருக்கும் முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து.