ஹோம் வாரண்டியைப் புதுப்பிப்பதா, அந்தப் பணத்தை நாமே ஒதுக்கி வைப்பதா?

ஹோம் வாரண்டி என்பது ஏசி, ஃபர்னஸ் போன்ற வீட்டுச் சாதனங்கள் தேய்ந்து பழுதானால் சரிசெய்து தரும் வருடச் சந்தாத் திட்டம். அமெரிக்காவில் பழைய வீடு வாங்கும்போது முதல் வருடத்துக்கு அதை விற்பவரே கட்டிக் கொடுப்பது சகஜம். பேரம் இழுத்துக்கொண்டிருந்தால் அதை முடித்து வைக்க ஏஜென்ட்டுகள் அடிக்கடி எடுத்து வைப்பதும் அதைத்தான். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. வருடம் முடியப்போகும் சமயத்தில் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் வந்தது. நம் கைக்காசைப் போட்டு இதைத் தொடர வேண்டுமா என்று அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தொடரவில்லை. வாரண்டிக்குக் கட்டியிருக்க வேண்டிய தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றில் போட்டு வருகிறோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். யாருக்கு வாரண்டி பொருந்தும் என்பதையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். வீட்டு இன்சூரன்ஸ் என்பது தீ, புயல், திடீரெனக் குழாய் வெடிப்பது போன்ற விபத்துகளுக்கானது. பல வருடம் ஓடித் தேய்ந்து நின்றுபோன ஏசியை அது கண்டுகொள்ளாது. ஹோம் வாரண்டி அந்தத் தேய்மானத்துக்கானது. சட்டத்தின் பார்வையில் அது ஒரு சர்வீஸ் ஒப்பந்தம். பொருளைத் தயாரித்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதிதாகக் கட்டிய வீடு என்றால் பில்டரின் உத்தரவாதம் இருக்கும். பொதுவாக வேலைத்தரத்துக்கு 1 வருடம், பிளம்பிங், மின்சாரம், ஏசி போன்றவற்றுக்கு 2 வருடம், கட்டமைப்புக்கு 10 வருடம். அந்த முதல் வருடங்களில் ஹோம் வாரண்டிக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை.

திட்டங்கள் சுமாராக வருடத்துக்கு 500 முதல் 800 டாலர் வரை போகின்றன. இது தவிர, ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் 75 முதல் 125 டாலர் வரை சர்வீஸ் ஃபீஸ் நாம் தர வேண்டும். அவர் வந்து பார்த்துவிட்டு 'இது திட்டத்தில் சேராது' என்று சொல்லிப் போனாலும் அந்த ஃபீஸ் போனதுதான். நாமாக வாங்கினால் பெரும்பாலும் முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு.

இந்த எண்களோடு பழுதுகளைப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியவரும். வாரண்டி இருந்த வருடத்தில், ஜனவரிக் குளிரில் எங்கள் ஃபர்னஸ் சூடு தராமல் நின்றது. ஒரு மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அனல் மட்டும் வராது. கம்பெனிக்குச் சொன்னோம்; வார இறுதி கழிந்த பிறகுதான் ஆள் வந்தார். முன்மூடியைக் கழற்றி, கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டரை எடுத்துக் காட்டினார். விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு, நடுவில் மயிரிழை போல விரிசல். புதியதை வெறுங்கையால் தொடாமல் ஓரத்தைப் பிடித்துப் பொருத்தினார். விரலின் எண்ணெய் பட்டால் சூடேறும்போது அந்த இடத்தில் வெடித்துவிடுமாம். சில நிமிட வேலை. அந்தப் பாகம் கடையில் 30, 40 டாலருக்குக் கிடைக்கிறது. நாங்கள் கொடுத்த சர்வீஸ் ஃபீஸே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கோடையில் ஏசி நின்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர்தான் காரணம். அதுவும் இதே கதைதான். வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் வருகைக் கட்டணம், கூலி எல்லாம் சேர்த்துக் கொஞ்சம் கூடத்தான் ஆகியிருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் வருட சந்தாவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சின்ன பழுதில் லாபத்தைச் சர்வீஸ் ஃபீஸ் தின்றுவிடுகிறது. பெரிய பழுதில் உச்சவரம்பு தின்றுவிடுகிறது. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு சாதனத்துக்கும் 'இதற்கு மேல் தரமாட்டோம்' என்று ஒரு தொகை இருக்கும். ஏசியை முழுதாக மாற்றுவதற்கு 7,000 முதல் 12,000 டாலர் வரை ஆகலாம். வரம்பு 3,000 என்றால் மிச்சம் நம் தலையில்தான். நடுத்தரமான பழுதுகளில்தான் திட்டம் நிஜமாகக் கை கொடுக்கும். ஃபர்னஸின் ஃபேன் மோட்டார், டிஷ்வாஷர் பம்ப், ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு என்று சில நூறு டாலர் ஆகும் வேலைகள் அவை. ஒரே வருடத்தில் அப்படி இரண்டு மூன்று வந்தால் கட்டிய காசு திரும்பிவிடும்.

கணக்கு இவ்வளவுதான் என்றால் இரண்டு பக்கமும் வாதாடலாம். எங்களை ஒரு பக்கம் தள்ளியது வேறொன்று: பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. வாரண்டி எடுத்தால் அந்த உரிமையைக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஒப்பந்தத்தில் அது ஒரே வரியில் இருக்கும்: பழுது பார்ப்பதும் மாற்றுவதும் நிறுவனத்தின் விருப்பம். படிக்கும்போது யாரும் அந்த வரியில் நிற்பதில்லை. நடைமுறையில் எல்லாமே அதில்தான் தொங்குகிறது.

நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வயது தாண்டிய ஏசி, கம்ப்ரஸர் போய்விட்டது. அந்த வயதில் கம்ப்ரஸர் போனால், சொந்தக் காசில் செய்பவர் பெரும்பாலும் மொத்த யூனிட்டையும் மாற்றிவிடுவார். கம்பெனி கம்ப்ரஸரை மட்டும் மாற்ற ஒப்புக்கொண்டது. அவர்கள் கணக்குக்கு அது சரிதான். குறைந்த செலவில் காற்று மறுபடி குளிர்ந்தால் போதும். ஏசிக்குள் இருக்கும் பழைய குளிர்பதன வாயுவைப் பிடித்து எடுக்கும் செலவு திட்டத்தில் இல்லை. புது வாயுவுக்குப் பவுண்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. வேலைக்கு நகர நிர்வாகத்திடம் வாங்கும் பெர்மிட்டின் செலவும் நண்பருடையதே. அடுத்த கோடையில் வீட்டுக்குள் இருந்த காயில் (coil, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) ஒழுக ஆரம்பித்தது. முன்பே சேர்த்து மாற்றியிருந்தால் ஒரே கூலியோடு முடிந்திருக்கும் வேலையில், பாதியைத் தன் காசில் இரண்டு தவணையாகச் செய்தார்.

குளிர்பதன வாயு விஷயத்தைச் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் கனமாகிறது. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 வாயுவைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டன. முன்பே தயாரித்து வைத்த இருப்பிலும் மீட்டெடுத்துச் சுத்திகரித்த இருப்பிலும்தான் அந்த யூனிட்டுகள் ஓடுகின்றன. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ வாயுவோடு புது வீட்டு ஏசி தயாரிப்பதும் 2025 தொடக்கத்தோடு முடிந்தது; இப்போது ஆர்-32, ஆர்-454பி வாயுக்களில் ஓடும் யூனிட்டுகள் வருகின்றன. வெளியே உள்ள யூனிட்டும் உள்ளே உள்ள காயிலும் ஒரே வாயுவுக்கானவையாக இருக்க வேண்டும். ஒன்று போய் இன்னொன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டிய நிலை வரலாம். அந்த நேரத்தில் கம்பெனி, போன பாகத்துக்கு மட்டும்தான் பொறுப்பு என்று நிற்குமா, ஜோடி சேர்வதற்கான செலவையும் தருமா என்பதுதான் ஆயிரக்கணக்கான டாலர் கேள்வி. நல்ல ஒப்பந்தங்களில் அது தெளிவாக எழுதியிருக்கும். பலவற்றில் இருக்காது.

சில சமயம் கம்பெனி, மாற்றுவதற்குப் பதில் கையில் பணமாகத் தருகிறோம் என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பொதுவாக அந்தத் தொகை, மொத்தமாக வாங்கும் அவர்களுக்கு என்ன விலையோ அதை வைத்துப் போட்டது. அதே யூனிட்டை நாம் சில்லறையில் பொருத்தப் போனால் பாதிகூட தேறாது.

அடுத்து, பராமரிப்பு ரசீது. 'முறையாகப் பராமரிக்காததால் வந்த பழுது', 'ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்த குறை' என்ற இரண்டு காரணங்களையும் க்ளெய்மை மறுப்பதற்கு அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். வாங்கி ஒரு வருடமே ஆன வீட்டில், முந்தைய உரிமையாளர் ஃபில்டர் மாற்றினாரா, வாட்டர் ஹீட்டரின் அடியில் படிந்த வண்டலை வெளியேற்றினாரா என்பதற்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கும்? வீடு வாங்கும்போது எடுத்த இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை ஓரளவுக்கு உதவும். அதில் 'ஓடுகிறது' என்று எழுதியிருந்தால் எடுத்துக் காட்டலாம். ஆனால் அதே அறிக்கையில் 'பழையது, கவனிக்கவும்' என்று ஒரு வரி இருந்தால் அதுவே நமக்கு எதிராகவும் திரும்பும்.

சரி, பணத்தை நாமே ஒதுக்கி வைத்தால்? எங்கள் ஏற்பாடு எளிமையானது. மாதம் பிறந்ததும் ஒரு தொகை தானாக அந்தக் கணக்குக்குப் போய்விடும். வருட சந்தாவையும், எப்படியும் கொடுத்திருக்கக்கூடிய இரண்டு சர்வீஸ் ஃபீஸையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தது. கூடவே உள்ளூர் ஏசி நிறுவனம் ஒன்றிடம் வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறோம். எப்போதும் வரும் ஆளுக்கு நம் மெஷின் பழகிப்போகிறது, அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரிசையில் முன்னால் நம்மைப் போடுகிறார்கள். ரசீதுகளும் சேர்கின்றன, நாளை வீட்டை விற்கும்போது அவை பேசும்.

அப்புறம் வீட்டில் உள்ள பெரிய சாதனங்களின் வயதைக் குறித்து வைத்தோம். ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் மூன்றின் பக்கவாட்டிலும் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். தயாரித்த தேதி அதில் நேராக இருக்கும், இல்லாவிட்டால் சீரியல் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டேங்க் வைத்த வாட்டர் ஹீட்டர் 8 முதல் 12 வருடம், ஏசி 10 முதல் 15, கேஸ் ஃபர்னஸ் 15 முதல் 20 என்பது பொதுவான ஆயுள். எது எப்போது வரும் என்று சுமாராகத் தெரிந்தால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதும் தெரிகிறது. எங்கள் வாட்டர் ஹீட்டர் அப்படித்தான் போனது: அடியில் துரு ஓடி, தட்டில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. டேங்க் ஓட்டையானால் ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். வாரண்டி இருந்திருந்தால் ஹீட்டரைத் தந்திருப்பார்கள். நகர விதிப்படி சேர்க்க வேண்டியிருந்த எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் சின்னத் தொட்டி), பெர்மிட், பழையதை அப்புறப்படுத்துவது ஆகியவற்றுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. எங்கள் கணக்கிலிருந்து எடுத்தோம், எங்களுக்குப் பிடித்த கொள்ளளவில் வாங்கினோம்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புது ஏசி, ஃபர்னஸ் பொருத்தினால் தயாரிப்பாளரே பாகங்களுக்குப் பெரும்பாலும் 10 வருட உத்தரவாதம் தருவார். ஆனால் பல பிராண்டுகளில் பொருத்திய 60 அல்லது 90 நாளுக்குள் பதிவு செய்தால்தான். விட்டால் 5 வருடமாகக் குறைந்துவிடும். வீடு கைமாறினாலும் குறையலாம், ஆகவே வாங்கியவுடன் கேட்டுப் பார்ப்பது நல்லது. கூலி நம்முடையது. இந்தக் காலத்தில் ஹோம் வாரண்டிக்கும் பணம் கட்டினால் ஒரே பாகத்துக்கு இரண்டு இடத்தில் கட்டுவதாக ஆகிவிடும்.

ஒதுக்கி வைக்கும் வழியில் ஓட்டை இல்லாமல் இல்லை. முதல் வருடம்தான் ஆபத்தானது. முன்பணம், வீட்டைப் பெயருக்கு மாற்றி முடிக்கும் க்ளோஸிங் செலவு எல்லாம் கொடுத்துக் கை காலியாக இருக்கும் நேரத்தில் ஏசி போனால், சேமிப்புக் கணக்கில் இருக்கும் சில நூறு டாலரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடன் அட்டையில் 9,000 டாலரைப் போட்டு வட்டி கட்டுவதைவிட, வரம்பு வைத்துத் தரும் 3,000 நிச்சயமாக மேல். ஆகவே சாதனங்கள் பழையவை, அவசரச் சேமிப்பு கிடையாது, விற்பவரும் கட்டித் தருகிறார் என்றால் மறுக்கவே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். கைக்காசு போட்டு வாங்குவதென்றாலும் அந்த ஒரு வருடத்துக்கு நான் தடுக்கமாட்டேன். தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்றாம் மாதமே விமான டிக்கெட்டுக்கு எடுத்துவிடும் பழக்கம் இருந்தாலும் வாரண்டியே மேல். இதை மனமாரத்தான் சொல்கிறேன், கட்டுப்பாடு இல்லாத சேமிப்புக் கணக்கு எந்தக் கம்ப்ரஸரையும் வாங்கித் தராது.

வாடகைக்கு விட்ட வீடு, அதுவும் வேறு மாநிலத்தில் இருக்கும் வீடு என்றால் என் அனுபவம் செல்லாது. குடியிருப்பவர் நேராகக் கம்பெனிக்குப் போன் செய்துவிடுவார் என்ற வசதிக்காகவே அதைத் தொடரும் இரண்டு மூன்று பேரை அறிவேன், அவர்கள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். தனியாக வசிக்கும் வயதான பெற்றோருக்கும் ஒரே எண்ணில் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைப்பது ஆறுதலாக இருக்கலாம். தண்ணீர்க் கம்பெனியும் கேஸ் கம்பெனியும் பில்லோடு சேர்த்து அனுப்பும் குழாய்ப் பாதுகாப்புத் திட்டங்கள் தனி ரகம். மாதக் கட்டணம் குறைவு. வீட்டிலிருந்து தெரு வரை போகும் கழிவுநீர்க் குழாய் உடைந்தால் தோண்டும் செலவு பெரிது. குழாய்க்குள் வேர் புகக்கூடிய பெரிய மரங்கள் உள்ள பழைய வீட்டில் அதை யோசிக்கலாம் என்று நினைக்கிறேன், நாங்கள் எடுத்துப் பார்த்ததில்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால், விளம்பரப் பக்கத்தில் இருக்கும் பட்டியலை விட்டுவிட்டு முழு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஏசி, ஃபர்னஸ் இரண்டுக்குமான உச்சவரம்பு எவ்வளவு; நகர விதிக்கேற்ப செய்யும் மாற்றமும் பெர்மிட்டும் சேருமா; ஒரு பாகம் போனால் ஜோடிப் பாகத்தை மாற்றுவார்களா; நமக்குத் தெரிந்த டெக்னீசியனை வைத்துச் செய்துகொள்ளலாமா; ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் இந்த நிறுவனங்களுக்கு உரிமம் தருவது மாநில இன்சூரன்ஸ் துறை, டெக்ஸஸில் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை. உங்கள் மாநிலத்தில் எந்தத் துறை என்று பார்த்து, கம்பெனியின் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு புகார் செய்யப் போகும்போது கையில் அது இருக்க வேண்டும்.