கணமா, வரிசையா: இரு புகைப்பட நூல்கள்

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் ‘தி டிசைசிவ் மொமென்ட்’ (தீர்மானிக்கும் கணம்) 1952இல் வெளிவந்தது. வடிவமும் நிகழ்வும் ஒரே சட்டகத்தில் கூடும் நொடிக்குக் காத்திருக்க அது கற்றுத்தருகிறது. அதிலுள்ள ஒரு படத்தில், தேங்கிய நீரைத் தாண்டுபவரின் குதிகால் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே காட்சி உறைந்துவிடுகிறது.

1958இல் பாரிஸில் முதலில் வெளிவந்த புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ (அமெரிக்கர்கள்) கற்பிப்பதோ வேறு. ஏறத்தாழ 28,000 படங்களிலிருந்து 83ஐ மட்டும் தேர்ந்து அவர் அமைத்த வரிசையில், இரு பனைகளுக்கிடையே துணி போர்த்தி நிற்கும் காரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், சாலையோரம் போர்வை மூடிய விபத்துச் சடலம் கிடக்கிறது; முந்தைய படத்திலிருந்த அமைதி, திரும்பிப் பார்க்கையில் அச்சமாகிவிடுகிறது. தனிப்படம் எதுவும் இதைச் செய்யாது.

கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர் முன்னதை வாங்கலாம். எடுத்துக் குவித்தவற்றில் எதை விலக்குவதெனத் தடுமாறும் எனக்கு, மனத்துக்கு நெருக்கமான ஆசான் ஃபிராங்கே.