பைத்தான் பில்ட்-இன்கள்: எம்.சி. ரோடு கடைக் கணக்கில் சில வருட அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஸ்டாக், பில் எல்லாமே பைத்தான் என்ற நிரல் மொழியில்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளி, பொங்கல் சீசன் பல பார்த்துவிட்ட ஸ்கிரிப்ட்கள். அதிகம் கைகொடுத்தது பெரிய லைப்ரரி எதுவும் இல்லை. இம்போர்ட் (வெளியிலிருந்து சேர்ப்பது) இல்லாமலே கிடைக்கும் பில்ட்-இன்கள்தான்: கூட்டித் தரும் சம், வரிசைப்படுத்தும் சார்ட்டட், பட்டியல்களை ஜோடி சேர்க்கும் ஜிப் வகையறா.

ஆனால் இவற்றின் பெயர்களுக்குப் பூட்டு கிடையாது, அதே பெயரை நாமும் வேறெதற்கும் வைத்துவிடலாம். ஒரு பெயரைப் பைத்தான் முதலில் ஃபங்ஷனுக்குள் (ஒரு வேலைக்கான கோட் தொகுதி) தேடும், பிறகு அதைச் சுற்றியிருக்கும் ஃபங்ஷனில், பிறகு ஃபைலின் குளோபலில் (ஃபைல் முழுக்கப் பொதுவான பெயர்கள்). எங்கும் இல்லாவிட்டால்தான் பில்ட்-இன்கள் இருக்கும் பில்டின்ஸ் மாட்யூலுக்குப் போகும். கடையில் கணக்கு பார்க்கும் தம்பி, பில் ஃபங்ஷனுக்குள் கூட்டுத்தொகைக்கு 'சம்' என்றே பெயர் வைத்திருந்தான். நாலு வரி தள்ளி நிஜமான சம்மைக் கூப்பிட்டால், அந்தப் பெயரில் இப்போது வெறும் எண் இருப்பதால் டைப் எரர். "அண்ணா, நேத்து வரைக்கும் ஓடிச்சே!" என்று போன். டெல் கட்டளை போட்டு அந்தப் பெயரை அழித்துப் பார்த்திருக்கிறான். ஃபைல் மட்டத்தில் என்றால் அது போதும், பழைய சம் திரும்பிவிடும். ஃபங்ஷனுக்குள் பலிக்காது: ஓரிடத்தில் மதிப்பு கொடுத்தாலே அந்தப் பெயர் ஃபங்ஷன் முழுக்க லோக்கல்தான், அழித்தாலும் வெளியே போய்த் தேடாது. பில்டின்ஸை இம்போர்ட் செய்து, 'பில்டின்ஸ் டாட் சம்' என்று கூப்பிட்டால் ஓடும். அவசரத்துக்குச் சரி. "மொத்தம்னு பேர் வைடா, பைத்தான் 3 தமிழ்லயே ஏத்துக்கும்" என்றேன்.

முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட பில்டின்ஸ் ஒன்றும் உண்டு. அதைத் தொடாதீர்கள். சிபைத்தானில் (பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தான்) நேரடியாக ஓட்டும் ஃபைலில் அது மாட்யூல்; இம்போர்ட் ஆன ஃபைலில் டிக்‌ஷனரி.

எனக்கு ஆகாதது, முழு எண்ணாக்கித் தரும் ரவுண்ட். 13.5 கொடுத்தால் 14, 12.5 கொடுத்தால் 12! சரிபாதியாக இருந்தால் இரட்டைப்படை எண் பக்கம் சாய்வது அதன் விதி. ஐம்பது பைசாவை மேலே ஏற்றியே பழகிய முதலாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பில்லில் டெசிமல் மாட்யூலின், பாதியை மேலே ஏற்றும் 'ரவுண்ட் ஹாஃப் அப்' வைத்துவிட்டேன்.

தமிழ்ப் பெயர்கள் என்றால் இன்னொரு கூத்து. 'காசிமேடு' நான்கு எழுத்து. நீளம் சொல்லும் லென் 8 என்கிறது, துணைக்கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் கணக்கு. பிரிண்ட்டில் பத்திகள் கோணலாகப் போவது இதனால்தான். யூனிகோட்டேட்டா மாட்யூலில் ஒவ்வொன்றின் கேட்டகரி (வகை) பார்த்து, குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விட்டால் 4 வரும். சார்ட்டட்டோ யூனிகோட் எண் வரிசையில் அடுக்குவதால் ன, ப-வுக்கு முன்னால் வந்து நிற்கும். அதற்கு அகர வரிசையை நாமே ஒரு கீ ஃபங்ஷனாக எழுதித் தரவேண்டியதுதான்.